நாலில் ஒன்று

'தி மாஸ்க்' படம் பார்த்திருப்பீங்க. ஜிம் கேரி கூட ஒரு குட்டி நாய் வரும். வெள்ளை உடம்பு, பழுப்புத் திட்டு, கடைசியில அதுவே அந்த முகமூடியை மாட்டிக்கிட்டு வில்லன் ஆட்களை ஓட விடும். அது ஜாக் ரஸ்ஸல் டெரியர். நான் கோயம்புத்தூர்ல தங்கிப் படிக்கிற அத்தை வீட்டில் அந்த மாதிரி மூணு இருக்கு. முகமூடி இல்லாமலே அதே வேலையைச் செய்யும்.

அத்தையும் மாமாவும் சேர்ந்து ஒரு கென்னல் நடத்துறாங்க. கென்னல்னு சொன்னதும் வரிசையா கம்பிக் கூண்டு, குரைப்புச் சத்தம், வாசல்ல போர்டுன்னு நினைச்சுக்காதீங்க. வடவள்ளி தாண்டி ஒரு ஓட்டு வீடு, பின்னாடி மாமாவோட லேத் பட்டறை, அவ்வளவுதான். நாய்கள் சோபாவில் தூங்கும், நான் தரையில் பாய் போட்டுத் தூங்குவேன். ஒரு ஈத்து வரும்போது மட்டும் ஸ்டோர் ரூமில் இருக்கிற அரிசி மூட்டை வெளியே வந்துடும், குட்டிப் பெட்டி உள்ளே போயிடும். அந்த ஈத்தும் வருஷத்துக்கு ஒண்ணு, சில வருஷம் அதுவும் இல்லை.

முதல் வருஷம் நான் வந்தப்போ எனக்கு இது சுத்தமா புரியலை. நாய் ஒரு பிசினஸ்னா நிறைய குட்டி போடணும், நிறைய விக்கணும். ஹாபின்னா சும்மா வளர்த்துட்டுப் போகலாம். இவங்க ரெண்டும் இல்லாம நடுவுல நின்னுக்கிட்டு வம்சாவளி, சர்ட்டிபிகேட், மைக்ரோசிப், ஷோன்னு அலையறாங்களேன்னு தோணுச்சு. இப்போ பைனல் இயர். நடுவுல ஒரு விஷயம் நடந்தது, அதுல நான் நடந்துக்கிட்ட விதம் எனக்கே பிடிக்கலை. அதைத்தான் உங்ககிட்ட சொல்ல வந்தேன். ஆனா அதுக்கு முன்னாடி இந்த நாயைப் பத்திக் கொஞ்சம் தெரிஞ்சாதான் மேட்டர் புரியும்.

டெரியர் என்கிற பேரே 'டெர்ரா' என்ற லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. டெர்ரான்னா மண். மண்ணுக்குள்ள போற நாய். இங்கிலாந்தில் அந்தக் காலத்துல குதிரையில் நரி வேட்டைக்குப் போனவங்க, நரி வளைக்குள் புகுந்துட்டா இந்த நாயை உள்ளே அனுப்பினாங்க. கொல்லக்கூடாது, வெளியே விரட்டணும். உள்ளேயே கொன்னுட்டா அன்னைக்கு வேட்டை முடிஞ்சது. இந்த இனத்துக்குப் பேர் கொடுத்த ஜான் ரஸ்ஸல் ஒரு பாதிரியார். 1819-ல் ஆக்ஸ்ஃபோர்டில் மாணவரா இருந்தப்போ ஒரு பால்காரர்கிட்ட இருந்து ஒரு பெட்டை நாயை வாங்கினாராம், அதுதான் தொடக்கம்னு சொல்றாங்க. அந்த நாயோட பேர் டிரம்ப். சிரிக்காதீங்க, 1819. (காலேஜ் முடியறதுக்குள்ள அவர் ஒரு இனத்தையே ஆரம்பிச்சுட்டார். நாம அரியர் தவிர என்ன வாங்கியிருக்கோம்?) 1873-ல் அங்கே கென்னல் கிளப்பைத் தொடங்கினவங்கள்ல அவரும் ஒருத்தர். மத்தவங்க நாய்க்கு நடுவரா இருந்தார், ஆனா தன்னோட வேட்டை நாய்களை ஷோவுக்குக் கொண்டு போகலை.

இதை நான் படிச்சுட்டு அத்தைகிட்ட போய், "அவரே போகலை, நீங்க மட்டும் ஏன் அத்தை இந்த வெயில்ல அலையறீங்க?"ன்னு கேட்டேன்.

"அவருக்கு நரி இருந்துச்சு கண்ணு. நாய் நல்ல நாயா இல்லையான்னு நரி சொல்லிரும். எனக்கு யாரு சொல்லுவாங்க?" அப்படின்னாங்க. "என்ற நாய் என்ற கண்ணுக்கு எப்பவும் அழகாத்தான் தெரியும். வெளிய இருந்து ஒருத்தர் வந்து பார்க்கோணும்."

அத்தையோட மொத்தக் கொள்கையும் இதுக்குள்ளேயே அடங்கிடும். ஷோ என்பது கப் வாங்கற இடம் இல்லை, நம்ம கண்ணை செக் பண்ற இடம்.

ஷோ எப்படி இருக்கும்னு தெரியாதவங்களுக்கு: மே மாசம் ஊட்டிக்குப் போனவங்க ஒருவேளை பார்த்திருப்பீங்க. கயிறு கட்டின ஒரு ரிங், நடுவில் ஒரு மேஜை. சின்ன இன நாய்களை அந்த மேஜை மேல நிக்க வைக்கணும். நடுவர் முதல்ல வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். மேல் பல் கீழ்ப் பல்லுக்கு முன்னாடி கத்தரிக்கோல் மாதிரி உட்காரணும். அப்புறம் தோள், முதுகு, பின்னங்கால். கடைசியில முன்னங்காலுக்குப் பின்னாடி ரெண்டு கையாலயும் மார்பைச் சுத்திப் பிடிப்பார். ரெண்டு கைக்குள்ள மார்பு அடங்கணும். அடங்கலைன்னா அந்த நாய் நரி வளைக்குள்ள சிக்கிக்கும், வேலைக்கு ஆகாது. ஜாக் ரஸ்ஸலுக்கு எழுதி வச்சிருக்கிற அளவு இது: உயரம் 25 முதல் 30 சென்டிமீட்டர், ஒவ்வொரு 5 சென்டிமீட்டருக்கும் ஒரு கிலோ எடை, மார்புச் சுற்று சுமார் 40 முதல் 43 சென்டிமீட்டர்.

மாமா இதைக் கேட்டுட்டு, "அட, இது நம்ம கோ, நோ-கோ கேஜ் தானடா" என்றார். மெக்கானிக்கல் பசங்களுக்குப் புரியும். துளைக்குள்ள கேஜ் போச்சுன்னா பாஸ், போகலைன்னா ரிஜெக்ட். நடுவரோட கைதான் கேஜ். நான் முதல் தடவை ஒரு அளவுகோலுக்குப் பின்னாடி இருக்கிற காரணத்தைத் தொட்டுப் பார்த்த மாதிரி உணர்ந்தது அப்போதான். லேப்ல வெர்னியர் பிடிச்சப்போகூட அப்படித் தோணலை.

எங்க வீட்டு நாய்கள் நரியைப் பார்த்ததே இல்லை. பெருச்சாளிதான். ராத்திரி பட்டறைப் பக்கம் ஏதாவது ஓடினா மூணும் ஒரே நேரத்துல எழுந்து கதவைக் கீறும். அந்தக் கதவுக்கு மாமா அடியில தகரம் அடிச்சிருக்கார்.

குட்டி விக்கறது இன்னொரு கூத்து. வாங்க வர்றவங்களை அத்தை இன்டர்வியூ பண்ணுவாங்க. நம்ம பிளேஸ்மென்ட் எச்.ஆர். ரவுண்டு எல்லாம் ஒண்ணுமே இல்லை. "ஏனுங்க, வீட்டுல பகல்ல யார் இருப்பாங்க? காம்பவுண்டு எவ்வளவு உயரமுங்க? இது குழி தோண்டும், ரோஜாச் செடி போயிரும், பரவாயில்லீங்களா?" பாதிப் பேர் இந்த ரோஜாச் செடிக் கேள்வியிலேயே போயிடுவாங்க. மிச்சம் இருக்கிறவங்களுக்கும் குட்டி எட்டு வாரம் ஆன பிறகுதான். இது அத்தையோட விருப்பம் மட்டும் இல்லை, 2017-ல் வந்த மத்திய அரசு விதியே அதுதான். நாய் இனப்பெருக்கம் செய்யறவங்க மாநில விலங்குகள் நல வாரியத்துல பதிவு பண்ணணும், எட்டு வாரத்துக்குள்ள குட்டியை விக்கக்கூடாது. ஆனா போன்ல தேடிப் பாருங்க, கண் திறந்து நாலு நாள் ஆன குட்டிக்கெல்லாம் 'இன்றே புக் செய்யுங்கள்'னு போட்டிருப்பாங்க.

அந்த எட்டு வாரத்துல இவங்க பண்ற வேலை இருக்கே. பிறந்ததுல இருந்து தினமும் சமையலறைத் தராசுல எடை பார்த்து நோட்டுல எழுதணும். முதல் ரெண்டு வாரம் குட்டியால தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாத்திக்க முடியாது, அதனால ராத்திரி எழுந்து பெட்டியைத் தொட்டுப் பார்க்கணும். (அந்த ஷிப்டு எனக்கு. செமஸ்டர் டைம்ல எப்படியும் முழிச்சிருப்பேன்ல?) மூணாவது வாரத்துல இருந்து குக்கர் விசில், மிக்சி, லேத் சத்தம், ஸ்கூட்டர், குடை விரிக்கறது எல்லாம் பழக்கணும். அப்போ பழகாத குட்டி வாழ்நாள் முழுக்கப் பயந்துக்கிட்டே இருக்கும்னு அத்தை சொல்வாங்க. ஒவ்வொரு வீட்டுக்கும் குட்டியோட ஒரு பேப்பரும் போகும். அதுல ஒரு வரி: எந்த வயசுல, எந்தக் காரணத்துக்காக வளர்க்க முடியாமப் போனாலும் நாய் இங்கேதான் திரும்பி வரணும்.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

எங்க ஆண் நாய் பேர் மேஜர். நான் செகண்ட் இயர் படிக்கும்போது அவன் சாம்பியன் ஆனான். வீட்டுல பாயசம் வச்சாங்க. பெட்டை நாய் மிளகு. நான் கோயம்புத்தூர் வர்றதுக்கு முன்னாடியே இவங்க ரெண்டு பேருக்கும் ஒரு ஈத்து, நாலு குட்டி. அதுல கடுகு என்கிற பெட்டையை வீட்டுல வச்சுக்கிட்டாங்க. மத்த மூணும் வெளியே போயாச்சு. அதுல ஒருத்தன் டைகர், பொள்ளாச்சி பக்கம் ஒரு தென்னந்தோப்பு வீட்டுல.

போன வருஷம் பிப்ரவரியில அந்த வீட்டுல இருந்து போன் வந்தது. டைகருக்கு ஒரு கண் சிவந்து நீலம் பூத்த மாதிரி இருக்கு, கண்ணைத் திறக்கவே மாட்டேங்கறான், மரத்துல மோதிக்கறான்னு. அடிபட்டிருக்கும்னு முதல்ல நினைச்சிருக்காங்க. அத்தையும் மாமாவும் அன்னைக்கே போய்க் கண் பார்க்கிற கால்நடை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. லென்ஸ் இடம் மாறியிருக்குன்னு சொன்னார். லென்ஸைப் பிடிச்சு வச்சிருக்கிற மெல்லிய நார்கள் பலமில்லாமப் போய் அறுந்துடும், லென்ஸ் முன்பக்கம் நழுவி வந்து அடைச்சுக்கும், கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறும். ரொம்ப வலிக்கும். டெரியர் இனங்கள்ல இது பரம்பரையா வர்ற நோய், பெரும்பாலும் மூணு வயசுக்கும் எட்டு வயசுக்கும் நடுவுல வெளியே தெரியும். டைகருக்கு நாலு வயசு. ஒரு கண்ணை எடுக்க வேண்டியதாப் போச்சு. கொஞ்ச நாள்ல இன்னொண்ணுலயும் பார்வை போயிடுச்சு.

இதுக்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2010-லேயே கண்டுபிடிச்சுட்டாங்க. கன்னத்துக்குள்ள பஞ்சுக் குச்சியால தேய்ச்சு அனுப்பினா டெஸ்ட் பண்ணிச் சொல்லிடுவாங்க. இப்படி ஒரு டெஸ்ட் இருக்குன்னு அந்த ஈத்து நடந்தப்போ அத்தைக்குத் தெரியாது. தெரிஞ்சிருக்கணும்னு அவங்க இன்னும் சொல்லிட்டு இருக்காங்க. மூணு நாய்க்கும் எடுத்து அனுப்பினோம்.

ரிப்போர்ட் என் மெயிலுக்குத்தான் வந்தது. மேஜர், கேரியர். மிளகு, கேரியர். கடுகு, பாதிக்கப்பட்டது.

கேரியர்னா என்னன்னு மாமா கேட்டார். நான் ரெசசிவ் ஜீன், அல்லீல்னு ஆரம்பிச்சேன். அத்தை குறுக்கே வந்து, "டிபன் கேரியர் மாதிரிங்க. உள்ள இருக்கிற சோத்தை வீடு வீடாக் கொண்டு போகும், கேரியர் திங்காது" என்றாங்க. பன்னிரண்டாவது வரைக்கும் இங்கிலீஷ்ல பயாலஜி படிச்ச எனக்கு அன்னைக்குத்தான் அது புரிஞ்சது. கேரியரா இருக்கிற நாய்க்கு நோய் வர்ற வாய்ப்பு ரொம்பக் குறைவு. ஆனா ரெண்டு கேரியர் சேர்ந்தா, ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

கடுகு அப்போ கட்டில் அடியில என் செருப்பைக் கடிச்சிட்டு இருந்தா. ரெண்டு கண்ணும் பளபளன்னு இருந்தது.

இப்போ என் பங்குக்கு வர்றேன். அடுத்த மாசம் ஒரு ஷோ இருந்தது. கடுகு அம்மாவை விட அழகு, அந்த வருஷமே சாம்பியன் ஆகிடுவான்னு எல்லாரும் சொன்னாங்க. நடுவர் பல்லைப் பார்ப்பார், மார்பைப் பிடிப்பார், நடையைப் பார்ப்பார். ரத்தத்துல இருக்கிறதைப் பார்க்க மாட்டார். மேஜரை வெளியே ரெண்டு பேர் தங்கள் பெட்டைக்கு இணை சேர்த்திருந்தாங்க, அந்தக் குட்டிகள் பத்து. நம்ம ஈத்துல வெளியே போனது மூணு. மொத்தம் பதிமூணு வீடு. அத்தை அந்தப் பதிமூணு வீட்டுக்கும் போன் பண்ணணும்னு சொன்னாங்க.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வேண்டாம் அத்தை. ரிப்போர்ட் என் மெயில்ல தான் இருக்கு. யாருக்கும் தெரியாது. வெளியே சொன்னா இனிமே ஒருத்தரும் உங்ககிட்ட குட்டி வாங்க மாட்டாங்க. டைகருக்கு அடிபட்டதுன்னே அவங்க நினைச்சிட்டு இருக்கட்டும்."

நல்லது சொல்றதா நினைச்சுத்தான் சொன்னேன். அவங்க இத்தனை வருஷம் கஷ்டப்பட்டது எனக்குத் தெரியும். இதை டைப் பண்ணும்போது என் காது சூடாகுது.

அத்தை திட்டலை. "நீ கணக்கு நல்லாப் போடுவியே கண்ணு. ரெண்டு கேரியருக்கு நாலு குட்டி பிறந்தா, ஒண்ணுக்காவது கண்ணு போறதுக்கு எவ்வளவு சான்ஸ்?"ன்னு கேட்டாங்க.

ஒரு குட்டி தப்பிக்க 0.75. நாலும் தப்பிக்க 0.75-ஐ நாலு தடவை பெருக்கணும், 0.316. அப்போ குறைஞ்சது ஒண்ணாவது மாட்டிக்க சுமார் 68 சதவீதம். சொன்னேன்.

"அறுபத்தெட்டு. உங்க காலேஜுல அது பாஸா, பெயிலா?"

"பாஸ்."

அத்தை ஒண்ணும் சொல்லாம போனை என் கையில கொடுத்து, லிஸ்ட்டைப் பார்த்து முதல் நம்பரைப் போடச் சொன்னாங்க.

ரெண்டு நாள் ஆச்சு. ஒருத்தர் பாதியிலேயே கட் பண்ணிட்டார். ஒருத்தர் பணத்தைத் திருப்பிக் கேட்டார், அத்தை கொடுத்தாங்க. மேஜரை இணை சேர்த்தவங்கள்ல ஒருத்தர், "இதை வெளிய சொல்லி எங்க பொழப்பைக் கெடுக்காதீங்க"ன்னு கத்தினார். கிட்டத்தட்ட நான் சொன்ன அதே வாதம். அவர் பேசும்போது ஸ்பீக்கர்ல கேட்டுட்டு உட்கார்ந்திருந்தேன், தண்ணி குடிக்கக்கூட எழுந்திருக்க முடியலை. நாலு பேர் டெஸ்டுக்கு எப்படி அனுப்பறதுன்னு கேட்டாங்க. மிச்சப் பேர் சரிங்கன்னு வச்சிட்டாங்க, என்ன செஞ்சாங்கன்னு தெரியாது.

கடுகு ஷோவுக்குப் போகலை. கருத்தடை ஆபரேஷன் பண்ணியாச்சு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை கண் டாக்டர். அழுத்தம் ஏறாம முன்கூட்டியே பிடிச்சா ஏதாவது செய்ய முடியும்.

இங்கதான் நான் ரெண்டாவது தப்பு பண்ணேன். இந்தத் தடவை எதிர்த் திசையில. குற்ற உணர்ச்சி ஜாஸ்தியாகி, "மூணையுமே நிறுத்திடுங்க, மிளகுக்கும் இனி ஈத்து வேண்டாம், குறை இருக்கிற பார்ட்டை ரிஜெக்ட் பண்ணணும்"னு பெரிய நியாயவான் மாதிரிப் பேசினேன். மேஜர் விஷயத்துல அத்தை ஒத்துக்கிட்டாங்க, அவனுக்கும் வயசாச்சு. மிளகு விஷயத்துல இல்லை. நம்ம ஊர்ல இந்த இன நாய்களே கொஞ்சம், பாதிக்கு மேல ஒண்ணுக்கொண்ணு சொந்தம். கேரியர் எல்லாத்தையும் ஒரே அடியா ஒதுக்கினா மிச்சம் இருக்கிறது இன்னும் நெருங்கின சொந்தமாகிடும், நமக்குத் தெரியாத வேற ஏதாவது நோய் ஜோடி சேர்ந்து வெளியே வரும். மிளகை டெஸ்ட்ல சுத்தமான ஆண் கூடச் சேர்த்தா ஒரு குட்டிக்கும் 'பாதிக்கப்பட்டது'ன்னு ரிப்போர்ட் வராது. சராசரியா பாதிக் குட்டி கேரியர், பாதி சுத்தம். அதுல சுத்தமானதை வச்சு அடுத்த தலைமுறை. மிளகோட நல்ல நடை, நல்ல குணம் எல்லாம் மிஞ்சும், இந்த ஒண்ணு மட்டும் வடிஞ்சிடும். "அரிசியில கல்லு இருந்தா கல்லைப் பொறுக்குவோம், மூட்டையவா கொட்டுவோம்?" என்றார் மாமா. கல்லு எங்கே இருக்குன்னு தெரியணும், அது ஒண்ணுதான் கண்டிஷன். மறைச்சு வச்சா பொறுக்க முடியாது.

ஏப்ரல்ல டைகரைப் பார்க்கப் போனோம். அந்த வீட்டுப் பேப்பர்ல இருக்கிற வரிப்படி, திரும்ப எடுத்துக்கறோம்னு சொல்லத்தான் அத்தை போனாங்க. பஸ்ல ஒரு வார்த்தை பேசலை. தோப்பு வீட்டு ஆத்தா எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துட்டு, முழுசாக் கேட்டுட்டு, "எங்கூட்டு நாயை எதுக்குங்க அம்மிணி உங்ககிட்ட குடுக்கோணும்?" என்றார். அப்புறம் வரப்புப் பக்கம் கையைக் காட்டினார். டைகர் ஒரு பெருச்சாளி வளைக்குள்ள தோள் வரைக்கும் புகுந்திருந்தான். வால் மட்டும் வெளியே ஆடிக்கிட்டு இருந்தது. வளைக்குள்ள எப்படியும் இருட்டுதான். அவனை வெளியே இழுத்து, மண்ணைத் தட்டி, அத்தை ரெண்டு கையாலயும் மார்பைச் சுத்திப் பிடிச்சுப் பார்த்தாங்க. விரல்கள் தொட்டுக்கிச்சு. அத்தை அப்போதான் அழுதாங்க.

அதுக்கப்புறம் எட்டு மாசம் குட்டி கேட்டு ஒரு போன்கூட வரலை. நான் சொன்னது நடந்தது, அதுல எனக்கு எந்தச் சந்தோஷமும் இல்லை.

இந்த ஜனவரியில மிளகு வேற ஊர்ல இருக்கிற ஒரு சுத்தமான ஆண் மூலமா நாலு குட்டி போட்டா. பிராஜெக்ட் ரிவ்யூவுக்கு நடுவுல நாலுக்கும் கன்னத்துல பஞ்சுக் குச்சி தேய்க்கிற வேலை என்னோடது. மூணு குட்டி சமத்தா வாயைக் காட்டிச்சு. நாலாவது குச்சியைக் கடிச்சு ரெண்டாக்கிட்டு, கட்டில் அடியில ஓடிடுச்சு. அதுக்கு மட்டும் மறுநாள் திரும்ப எடுத்தோம்.